ஸ்டெல்லா மிஸ் கழுத்தில் கேட்ட சத்தம்

போன ஞாயிற்றுக்கிழமை நானும் ஸ்டெல்லாவும் பியூட்டி பார்லருக்குப் போயிருந்தோம்.

ஆமாம், நான்தான். பார்லர்தான். சிரிக்காதீர்கள். எங்களோடு வேலை பார்க்கும் டீச்சர் வீட்டுக் கல்யாணம், அரியாங்குப்பத்தில். ஐம்பது வயதுக்கு மேல் தலைக்கு எண்ணெய் மசாஜ் செய்துகொண்டால் என்ன தப்பு?

எனக்கு முதலில் முடிந்தது. அப்படியே தூங்கிவிடலாம் போல இருந்தது. அடுத்து ஸ்டெல்லா உட்கார்ந்தாள். பார்லர் பெண்ணுக்கு இருபது வயதிருந்தால் அதிகம். நல்ல கை. தலை முழுக்கப் பிடித்துவிட்டு, கடைசியில் ஒரு கையை ஸ்டெல்லாவின் தாடையிலும் இன்னொரு கையைப் பின்மண்டையிலும் வைத்தாள். சலூனில் செய்வார்களே... தலையை ஒரு பக்கமாகச் சடக்கென்று திருப்பி நெட்டி எடுப்பது. அதற்குத்தான்.

ஸ்டெல்லா அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டாள்.

"கழுத்துல மட்டும் வேணாம்மா."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் பிடித்த பிடியில் அந்தப் பெண் வெலவெலத்துப் போனாள். ஸ்டெல்லா உடனே கையை விட்டுவிட்டு, அவள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று சமாதானம் சொன்னாள். தனக்குக் கழுத்து ரத்தக் குழாயில் ஒரு கோளாறு இருக்கிறது, சட்டென்று திருப்பினால் உள்ளே கிழிந்துவிடலாம், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், மசாஜ் சுகத்தில் மறந்துவிட்டேன் என்றாள்.

பார்லர் ஓனரம்மா வந்து ஸ்டெல்லாவை மேலும் கீழும் பார்த்தார். நிமிர்ந்த முதுகு, எங்கேயும் ஒரு பிடி சதை அதிகம் கிடையாது.

"பாத்தா அப்படித் தெரியவே இல்லையே மேடம்" என்றார்.

கண்ணாடி வழியாக ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், ஓனரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை நாங்கள் எத்தனை பேர் வாயால், எத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இந்த வாரப் பத்தியில் அதை எழுதட்டுமா என்று திரும்பி வரும்போது கேட்டேன். "எழுதுங்கக்கா. பேரையும் போட்டே எழுதுங்க" என்றாள்.

ஸ்டெல்லா எங்கள் ஸ்கூல் பி.டி. டீச்சர். நான் கணக்கு. நியாயமாகப் பார்த்தால் நாங்கள் இரண்டு பேரும் விரோதிகளாக இருந்திருக்க வேண்டும். பரீட்சை நெருங்கினால் அவளுடைய பீரியடைப் பிடுங்கிக்கொள்வது நான்தான். எப்படியோ தோழிகளாகிவிட்டோம். அவள் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர் – எங்கள் ஊரில் 'சொல்தா' என்போம். அவர் இறந்துபோன பிறகு, உழவர்கரையில் ஸ்டெல்லாவும் அவள் அம்மாவும் மட்டும்தான். கல்யாணம் வேண்டாம் என்றெல்லாம் அவள் சொன்னதில்லை. அமையவில்லை. அப்புறம், காலையிலும் சாயங்காலமும் கிரவுண்டில் நிற்கிறவளுக்கு அதைப் பற்றி நினைக்க நேரமும் இல்லை. எங்கள் கோ-கோ டீம் ஜெயிக்காத வருஷம் ஒன்றே ஒன்றைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்கூலிலேயே ஆரோக்கியமான ஆள் யார் என்று கேட்டால் எல்.கே.ஜி. குழந்தைகூட அவளைத்தான் கை காட்டும்.

ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், ஸ்டாஃப் ரூமில் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் திடீரென்று, "அக்கா, எங்கயாவது மோட்டார் ஓடுதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். ஃபேனா என்றாள். கரண்ட்டே இல்லையே என்றேன். "அப்ப எனக்கு மட்டுந்தான் கேக்குதா?" என்றாள்.

இடது காதுக்குள் சத்தம். புஸ்... புஸ்... புஸ்... என்று, சைக்கிளுக்குக் காற்றடிக்கிற மாதிரி. ஓடினால் வேகமாக அடிக்கும். உட்கார்ந்தால் நிதானமாக அடிக்கும். படுத்துக்கொண்டு தலையணையில் காதை வைத்தால், தலையணைக்குள்ளிருந்தே வருகிற மாதிரி இருக்குமாம்.

காது டாக்டரிடம் போனாள். அழுக்கை எடுத்து, ஒரு ரூமுக்குள் உட்கார வைத்து டெஸ்ட் செய்து, உங்கள் காது பிரமாதமாக இருக்கிறது என்றார்கள். காது பிரமாதம்தான். அதனால்தானே கேட்கிறது?

அடுத்து தலைவலி. பொது டாக்டர் பி.பி. பார்த்தார். எக்கச்சக்கமாக இருந்தது. மெஷினைத் தட்டி மறுபடி பார்த்தார். அப்போதும் அதேதான். அவர் ஸ்டெல்லாவை நிமிர்ந்து பார்த்தார்... 'பார்த்தால் தெரியவில்லையே.' சுகர் இல்லை, கொழுப்பு இல்லை, குடும்பத்தில் யாருக்கும் பி.பி. இல்லை. மாத்திரை எழுதிவிட்டுக் கேட்டாராம்: வீட்டில் ஏதாவது பிரச்சனையா? டென்ஷனா?

இரண்டாவது டாக்டரும் கேட்டார். மூன்றாவது டாக்டரும் கேட்டார். கல்யாணம் ஆகவில்லை என்று தெரிந்ததும், 'ஓ' என்று ஒரு ஓசை. அந்த 'ஓ'வுக்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டுமா?

மாத்திரை ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றானது. பி.பி. இறங்கவில்லை. ஸ்டாஃப் ரூமில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தர் உப்பைக் குறைக்கச் சொன்னார். ஒருத்தர் முருங்கைக்கீரை. இன்னொருத்தர், காலாகாலத்தில் ஒரு கல்யாணம் காட்சி நடந்திருந்தால் இதெல்லாம் வந்திருக்காது என்று, அவள் காதில் விழுகிற மாதிரியே என்னிடம் சொன்னார். கடைசியாகப் பார்த்த மனநல டாக்டர் நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார். தூக்கம் வந்தது. முழித்தால் சத்தமும் வந்தது.

ஒருநாள் மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள். என்ன என்று கேட்டேன்.

"இத்தினி பேரு இல்லன்னு சொல்றாங்களேக்கா... நானா கற்பன பண்ணிக்கிறேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

நோய் கொடுக்கிற கஷ்டம் ஒன்று. நோயே இல்லை என்று எல்லோரும் சொல்லும்போது வருகிற கஷ்டம் வேறு. முதலாவதுக்கு மாத்திரை இருக்கிறது.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. அப்புறம் அந்த ஸ்போர்ட்ஸ் டே பிராக்டிஸ்.

காலையில் வந்ததிலிருந்தே கழுத்து இடது பக்கம் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் பிள்ளைகளுக்குக் குட்டிக்கரணம் போட்டுக் காட்டினாளாம், அதில் பிடித்துக்கொண்டிருக்கும் என்றாள். முகத்தைப் பார்த்தேன். இடது கண் இமை கொஞ்சம் தொங்கின மாதிரி இருந்தது. ராத்திரி தூங்கலையா என்று கேட்டேன். தூங்கினேனே என்றாள்.

எனக்கு அந்த பீரியட் ஃப்ரீ. மரத்தடியில் நோட்டுக் கட்டோடு உட்கார்ந்திருந்தேன். மார்ச் பாஸ்ட் நடந்துகொண்டிருந்தது. ஸ்டெல்லா விசிலை வாய்க்குக் கொண்டுபோனாள்... விசில் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தாள். மறுபடி நழுவியது. முன்வரிசையில் நின்ற பெண்ணைக் கூப்பிட வாயைத் திறந்தாள். பெயர் வரவில்லை. வேறு எந்த வார்த்தையும் வரவில்லை. 'ப... ப...' என்று ஒரு சத்தம்தான் வந்தது. பிள்ளைகள் மிஸ் விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

நான் ஓடினேன். இந்த உடம்பை வைத்துக்கொண்டு நான் ஓடி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பிடித்து உட்கார வைத்தேன். வலது கை அவள் மடியில் துணி மாதிரிக் கிடந்தது. கண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

சில நிமிஷம்தான். கை அசைந்தது. பேச்சு வந்தது. தண்ணீர் குடித்தாள். "சரியாயிடுச்சுக்கா, வெயிலு" என்று எழுந்து நின்றாள். பிரின்சிபல் சிஸ்டரும், சரியாகிவிட்டதே, வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுக்கட்டும் என்றார்.

எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால், தன் கிளாஸ் பிள்ளையின் பெயரை மறக்கிற ஆள் இல்லை ஸ்டெல்லா. ஆட்டோவைக் கூப்பிட்டேன். உழவர்கரைப் பக்கம் திருப்பாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னேன். வழியெல்லாம் என்னோடு சண்டை பிடித்துக்கொண்டே வந்தாள். பேச்சு நன்றாக வருகிறது என்று எனக்கு அதில் ஒரு நிம்மதி.

பெரிய ஆஸ்பத்திரிக் கூட்டம் உங்களுக்குத் தெரியும். விழுப்புரம், கடலூர் என்று பஸ் பிடித்து வந்தவர்கள் எல்லாம் அங்கேதான் இருப்பார்கள். அவசரப் பிரிவில் ஒரு சின்னப் பெண் – மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்த டாக்டர் – ஸ்டெல்லாவை உட்கார வைத்து முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். காதுச் சத்தத்தைச் சொல்லும்போது ஸ்டெல்லாவின் குரல் இறங்கியது. இதற்கும் அந்த 'ஓ' வரப்போகிறது என்று நினைத்திருப்பாள்.

டாக்டர் 'ஓ' சொல்லவில்லை. கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். பிறகு ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக் கழுத்தில் வைத்தாள்.

கழுத்தில்! அத்தனை டாக்டர்கள் பார்த்தார்கள். நெஞ்சில் வைத்தார்கள், முதுகில் வைத்தார்கள். கழுத்தில் வைத்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஃபேனை நிறுத்தச் சொன்னாள். பேசிக்கொண்டிருந்தவர்களைப் பேசாமல் இருக்கச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய இன்னொரு கை, மேஜை மேல் ஒரு விரலால் தட்ட ஆரம்பித்தது. டொக்... டொக்... டொக்...

"உங்க காதுல இப்ப கேக்குறது இதே வேகந்தானே?"

ஸ்டெல்லா தலையை ஆட்டினாள்.

"எனக்கும் கேக்குதும்மா" என்றாள் டாக்டர்.

அவ்வளவுதான். கை விளங்காமல் போனபோது அழாத ஸ்டெல்லா, அங்கே உடைந்து அழுதாள். டாக்டர் பயந்துவிட்டாள், வலிக்கிறதா என்று கேட்டாள். வலியெல்லாம் இல்லை. இத்தனை வருஷமாகத் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்ததை இன்னொரு ஆள் கேட்டுவிட்டார் – அதற்குத்தான் அழுகை என்று நான்தான் சொன்னேன்.

வயிற்றிலும் ஸ்டெதஸ்கோப் வைத்தாள். அங்கேயும் அதே சத்தமாம்.

அப்புறம் ஸ்கேன், ஆஞ்சியோகிராம் எல்லாம். பெரிய டாக்டர் எங்களை உட்கார வைத்து ஃபிலிமை வெளிச்சத்தில் காட்டினார். நல்ல ரத்தக் குழாய் பைப் மாதிரி நேராக, ஒரே அளவாகப் போகும். ஸ்டெல்லாவுடையது மணிமாலை மாதிரி இருந்தது. ஒரு இடத்தில் புடைப்பு, அடுத்த இடத்தில் இடுக்கு, மறுபடி புடைப்பு. கழுத்திலும் அப்படி, சிறுநீரகத்துக்குப் போகிற குழாயிலும் அப்படி. பார்க்க அழகாகக்கூட இருந்தது. அதுதான் கொடுமை.

நோயின் பெயர் ஃபைப்ரோ மஸ்குலர் டிஸ்பிளேசியா. வாய்க்குள் நுழையாத பெயர். இது கொழுப்பு படிந்து வருகிற அடைப்பு இல்லை. குழாயின் சுவரே ஏறுமாறாக வளர்ந்துவிடுகிறது. சிறுநீரகக் குழாய் இடுங்கினால் பி.பி. ஏறும் – எத்தனை மாத்திரை போட்டாலும் இறங்காது. கழுத்துக் குழாய் பலவீனமாக இருந்தால் ஒரு குட்டிக்கரணத்திலேயே உள்சுவர் கிழியலாம். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து ஒரு துணுக்கு மூளைக்குப் போனால்... விசில் நழுவும். அன்றைக்கு வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுத்திருந்தால் பக்கவாதமே பெரிதாக வந்திருக்கலாம் என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: இது பெரும்பாலும் பெண்களுக்குத்தான் வருகிறது, அதுவும் பார்க்க ஆரோக்கியமாக இருக்கிற பெண்களுக்கு. அதனாலேயே யாரும் இதைத் தேடுவதில்லை.

முன்பு பார்த்த டாக்டர்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது அவ்வளவு இல்லை. சந்தேகம் வந்தால்தானே தேடுவார்கள்? ஆனால் அந்த 'ஓ' மட்டும்... அதை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

ஸ்டெல்லாவின் அம்மா வார்டுக்கு வந்ததும் டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி, இது என் வயிற்றில் இருக்கும்போதே வந்ததா என்பது. ஏன் வருகிறது என்றே இன்னும் யாருக்கும் முழுசாகத் தெரியாது, நீங்கள் சாப்பிட்டதாலோ சாப்பிடாததாலோ வந்ததில்லை என்று அவர் சொன்னார். அந்த அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டு தலையை ஆட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை.

சிக்கல் அதோடு முடியவில்லை. மூளைக்குள் ஒரு குழாயில் சின்னதாக ஒரு புடைப்பு இருந்தது. கழுத்துக் கிழிசலுக்கு ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கும்போது அந்தப் புடைப்பு கசிந்துவிட்டால் ஆபத்து. ஒன்றுக்கு நல்லது இன்னொன்றுக்குக் கெட்டது. டாக்டர்கள் கூடிப் பேசி, புடைப்பு மிகச் சின்னது, அதைத் தொடாமல் வருஷா வருஷம் பார்த்துக்கொள்வோம், கழுத்துக்கு மருந்து கொடுப்போம் என்று முடிவு செய்தார்கள். சிறுநீரகக் குழாயைப் பலூன் விட்டு விரித்தார்கள். பி.பி. இறங்கியது. மூன்று மாத்திரை ஒன்றானது. கழுத்துக் கிழிசல் மாதக்கணக்கில் மெல்ல ஆறியது. தொங்கின இமையும் ஏறக்குறைய பழையபடி ஆகிவிட்டது.

ஆனால் புடைப்பு? அது அங்கேயேதான் இருக்கிறது. ஒன்றும் செய்யாமலே ஆயுசுக்கும் இருக்கலாம். நாளைக்கே... அந்த வாக்கியத்தை முடிக்க வேண்டாம்.

செய்யக்கூடாதவை என்று டாக்டர் ஒரு பட்டியலே போட்டார். கனம் தூக்கக்கூடாது. குட்டிக்கரணம் கூடாது. தலைகீழாக நிற்கக்கூடாது. கழுத்தைச் சட்டென்று திருப்பக்கூடாது. கழுத்து மசாஜ் கூடவே கூடாது. இதெல்லாம் யாருக்கு? ஒரு பி.டி. டீச்சருக்கு.

ஸ்டெல்லா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, விசில் ஊதலாமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பெரிய டாக்டர் கொஞ்சம் யோசித்து, மூச்சைத் தம் கட்டி ஊதாமல் மெதுவாக ஊதலாம் என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு தப்பு செய்தாள். பிரவுசிங் சென்டருக்குப் போய் அந்த நோயின் பெயரை அடித்துப் பார்த்தாள். வெளியே வரும்போது முகத்தில் ரத்தமே இல்லை. சில நாள் யாரோடும் பேசவில்லை. தும்மல் வந்தால்கூடப் பயந்தாள். ஸ்கூட்டரில் மேடு பள்ளம் வந்தால் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். மறுபடி ஒருநாள் அதே பிரவுசிங் சென்டருக்குப் போனாள். இந்த முறை பிரெஞ்சில் தேடியிருக்கிறாள், ஸ்கூலில் படித்த பிரெஞ்சு. யாரோ ஒரு பெண், தன் காதிலும் அந்தச் சத்தம் கேட்கிறது, இருபது வருஷமாகக் கேட்கிறது, பேரன் பேத்தி எடுத்துவிட்டேன் என்று எழுதியிருந்தாளாம். ஸ்டெல்லா வெளியே வந்து, "அக்கா, பசிக்குது" என்றாள். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

பிரின்சிபல் சிஸ்டர் நல்ல மனதோடுதான், லைப்ரரிக்கு மாற்றிவிடட்டுமா என்று கேட்டார். ஸ்டெல்லா கிரவுண்டையே கேட்டாள். இப்போது அவள் செய்து காட்டுவதில்லை. வாயால் சொல்கிறாள். பெரிய வகுப்புப் பெண் ஒருத்தி செய்து காட்டுகிறாள். கோ-கோ டீம் முதல் வருஷம் தோற்றது. அடுத்த வருஷம் ஜெயித்தது.

திரும்பி வந்த முதல் வாரத்திலேயே அவள் ஒரு காரியம் செய்தாள். பிள்ளைகளை மரத்தடியில் உட்கார வைத்து, மிஸ்ஸுக்கு என்ன நோய் என்று மறைக்காமல் சொன்னாள். மிஸ் வாய் ஒரு பக்கம் கோணினால், பேச்சு குழறினால், ஒரு கையைத் தூக்க முடியாமல் போனால் சிரிக்கக்கூடாது – யார் ஆபீஸுக்கு ஓடுவது, யார் ஆட்டோவுக்கு ஓடுவது, யார் மிஸ் பக்கத்திலேயே நிற்பது என்று பிரித்துக் கொடுத்தாள். பிறகு விசில் ஊதி அதை டிரில்லாகவே செய்ய வைத்தாள். நான் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிரில் முடிந்ததும் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "மிஸ், உங்களுக்குப் பயமா இல்லியா?" என்று கேட்டாள்.

"இருக்கு. அதான் சொல்லித் தர்றேன்" என்றாள் ஸ்டெல்லா.

இதைவிட நல்ல பாடத்தை நான் எந்த வகுப்பிலும் நடத்தினதில்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை வருஷாந்திர ஸ்கேன். ஒவ்வொரு வருஷமும் நான்தான் கூடப் போவேன். அந்த ஒரு மணி நேரம் இருக்கிறதே... கையில் ஒரு வாரப் பத்திரிகையை வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஸ்டெல்லா வெளியே வந்தாள். டாக்டர் போன வருஷத்து ஃபிலிமையும் இந்த வருஷத்து ஃபிலிமையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி வெகு நேரம் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி இரண்டே வார்த்தை சொன்னார்.

"அப்படியே இருக்கு."

உலகத்தில் யாராவது இந்த வார்த்தைக்கு இவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்களா? பெரிதாகவில்லை. புதிதாக ஒன்றும் வரவில்லை. வெளியே வந்து ஆளுக்கொரு நெய் ரோஸ்ட் சாப்பிட்டோம்.

அவளை வீட்டில் விடும்போது எதிர்வீட்டு அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஸ்கேன் என்ன ஆச்சு என்று விசாரித்தார். அப்படியே இருக்குங்க என்றாள் ஸ்டெல்லா. அந்த அம்மா முகம் வாடிவிட்டது. பாவம், இத்தனை வருஷம் மருந்து சாப்பிட்டும் குணமாகவில்லையா, கடவுள் கைவிடமாட்டார் என்று ஆறுதல் சொன்னார்.

"கைவிடலைங்க" என்றாள் ஸ்டெல்லா. "அதான் அப்படியே இருக்கு."

இப்போதெல்லாம் யாராவது என்னை 'எப்படி இருக்கீங்க' என்று கேட்டால், 'அப்படியே இருக்கேன்' என்றுதான் சொல்கிறேன் – கொஞ்சம் பெருமையாகவே.